மிதந்த துளி

மாரி வெள்ளம் பரவைக்கடலுக்குள் இறங்கிவிட்டால் அரியாலைக் கரைக்கு இறால் வந்துவிடும். இறால் வந்துவிட்டால் இரத்தினம்மாவுக்கு முதுகு நிமிர நேரம் இராது. அறுபத்தொன்பதாம் வருஷத்து மார்கழியில் ஒரு காலை, முற்றத்தில் சாக்கை விரித்து, வாடைக்காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அவள் இறால் கோது உடைத்துக்கொண்டிருந்தபோது வேலிப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

படலைக்கு மேலால் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. பிறகு நரைத்த தாடி. பிறகு நனைந்த குடை.

"பஞ்சலிங்கத்தார் வீடு இதுதானே தங்கச்சி?"

"ஓம். அவர் கடலுக்கை நிக்கிறார். நீங்கள் ஆர்?"

"நான் அலியார். சோனகதெரு. ஆஸ்பத்திரியிலை ரத்தம் எடுக்கிற பகுதியிலை நிக்கிறனான்."

ஆஸ்பத்திரி என்றதும் இரத்தினம்மாவின் கையிலிருந்த இறால் சட்டிக்குள் விழாமல் மண்ணில் விழுந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வளவில்தான் அவளுடைய மச்சாள் இராசமலர் படுத்திருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு. இராசமலரின் புருஷன் கொழும்பில் கடையொன்றில் நின்றான். தாய் தகப்பன் இல்லாத அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன் தமையன் பஞ்சலிங்கம். இரத்தினம்மாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதனால் மலர்தான் அந்த வீட்டுக்குப் பிள்ளையும்.

"மலரின்ரை விஷயமாயோ காக்கா? ஏதும் கூடாத சேதியோ?" முஸ்லிம் பெரியவர்களை ஊரில் காக்கா என்றுதான் அழைப்பார்கள்.

"சீச்சீ. அப்பிடி ஒண்டுமில்லை. அண்ணை குளிசையை ஒழுங்கா எடுக்கிறாரோ எண்டு பாத்திட்டுப் போக வந்தனான்."

"என்ன குளிசை?"

"ரத்தம் ஊறுற குளிசை. ஐப்பசியிலை அவரிட்டை எடுக்கேலாமல் போச்சுதெல்லே. மூண்டு மாதத்தாலை வரச்சொல்லி விட்டனாங்கள்."

இரத்தினம்மா சிரித்துவிட்டாள். ஆள் மாறி வந்து நிற்கிற மனுசனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது.

"காக்கா, நீங்கள் வீடு மாறி வந்திட்டியள். இவர் குடுத்தவர். கையிலை பிளாஸ்திரியோடை வந்தவர். நான் என்ரை கண்ணாலை கண்டனான். மச்சாளுக்கு ஏத்தினது அவரின்ரை ரத்தந்தான்."

அலியார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, சேட்டுக்குள் மழை படாமல் செருகியிருந்த பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்தார். திரும்பி வரச்சொல்லி விடப்பட்டவர்களின் பெயர்களை அதில் எழுதி வைத்திருந்தார். அப்படி எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. திரும்பி வா என்று சொன்ன பத்துப்பேரில் ஒருவர்தான் வருகிறார் என்று கண்டு, மற்ற ஒன்பது பேரையும் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் மிதிப்பது அவராகப் பிடித்துக்கொண்ட பைத்தியம்.

"பஞ்சலிங்கம். அரியாலை கிழக்கு. வயது நாப்பத்திரண்டு. கடல் தொழில். சரியோ?"

"சரி."

"ரத்தம் காணாது, சத்துக் குறைவு. எடுக்கேல்லை. உங்கடை மச்சாளுக்கு ஏறினது குருநகர்ப் பிலிப்பு எண்ட ஆள் குடுத்தது. அந்த மனுசன் ஆருக்கு எண்டும் கேளாமல் குடுத்திட்டுப் போனது."

இரத்தினம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் கண்ணால் கண்டது பொய்யா, இந்த மனுசனின் கொப்பி பொய்யா?

அலியார் அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஏதோ உடைக்கக்கூடாததை உடைத்துவிட்டோம் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"கேளுங்கோ தங்கச்சி. தை கடைசியிலை ஒப்பிறேசன். ரெண்டு போத்தல் கையிலை இல்லாமல் டொக்குத்தர் கத்தி வைக்கமாட்டார். போனமுறையும் ஒரு போத்தலை ஏத்தி ஆளைத் தெம்பாக்கி அனுப்பினது அதாலைதான். மச்சாளின்ரை ரத்தம் லேசிலை அம்பிடாத வகை. பிலிப்பு திரும்பவும் வாறன் எண்டிட்டான். மற்றப் போத்தல் இவர்தான். அண்ணைக்கும் தங்கச்சிக்கும் ஒரே வகை."

"இவர் வராட்டி?"

"எனக்குத் தெரிஞ்ச அளவிலை வேறை ஆள் இல்லை."

அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். போகும்போது குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடு எடுக்கச் சொன்னார். மீன், ஈரல், முருங்கையிலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "கடற்காரனுக்கு மீன் தின் எண்டு நான் சொல்லுறதோ" என்று தானே சிரித்தார். இரத்தினம்மா சிரிக்கவில்லை. அந்த வீட்டில் ஆவணி மாதத்திலிருந்து கடற்காரன் மீன் தின்னவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

நல்லூர்த் தேரன்று பஞ்சலிங்கம் வைத்த நேர்த்தி அது. தங்கச்சிக்குச் சுகமாகும்வரை மச்சம் தொடுவதில்லை. ஒருநேரச் சோறு. கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரும் பாலும். அவன் சொன்னால் சொன்னதுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று இறாலும் நண்டும் அள்ளிக் கரைக்குக் கொண்டுவருவான். வீட்டில் பருப்பும் கத்தரிக்காயும் போட்டு ஒருநேரம் தின்றுவிட்டுப் படுப்பான். ஊரில் நாலுபேர் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். இரத்தினம்மாவும் சொன்னவள்தான்.

சூரன்போர் முடிந்து ஒரு கிழமையில், மலர் வார்ட்டில் கிடந்தபோது, அவனும் கரையிலிருந்து இன்னும் மூன்று பேரும் இரத்தம் கொடுக்கப் போனார்கள். மற்றவர்கள் கொடுத்துவிட்டு முதல் பஸ்சில் வந்துவிட்டார்கள். இவன் பொழுதுபட வந்தான். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி. அதன் நடுவில் பஞ்சில் ஊறிய ஒரு இரத்தப் பொட்டு. சிகிச்சை முடிந்து நாலு நாளில் வீட்டுக்கு வந்த மலர், தமையனுடைய கையைப் பிடித்து அந்தப் பொட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் அதுவரைக்கும் அந்தப் பிளாஸ்திரியைக் கழற்றாமல் வைத்திருந்ததே இரத்தினம்மாவுக்கு அப்போது விசித்திரமாகப் பட்டது. அன்றிலிருந்து மலர் வீட்டில் பப்பாசி பழுத்தால் முதற்பழம் அண்ணைக்கு. யார் வந்தாலும் ஒரே கதை. "என்ரை உடம்பிலை ஓடுறது அண்ணையின்ரை ரத்தமெல்லே." அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் வலை முடியப் போய்விடுவான். கூச்சமாக்கும் என்று இரத்தினம்மா நினைத்திருந்தாள்.

இறால் சட்டியை மூடி வைத்துவிட்டு அவள் வீட்டைக் குடைந்தாள். பானைகள், பெட்டகம், தலைமாட்டுப் பாய். கடைசியில், கழித்துப்போட்ட மிதப்புக்கட்டைகள் கிடந்த பறிக்கூடைக்குள், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம் அகப்பட்டது. கறுப்புக் குளிசைகள். ஒன்றும் குறையவில்லை. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அப்போதே போய் அவனைக் கடலுக்குள் தள்ளியிருப்பாள். ஆனால் யாரை நோவது? பதினெட்டு வருஷம் கூட இருந்தவன். மீன் விலையில் ஒரு பொய் சொன்னால்கூட அன்றைக்குத் தானே வந்து ஒப்புக்கொள்கிறவன். அப்படிப்பட்டவன் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தான் என்றால், அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு நோயை ஆஸ்பத்திரிக்காரர் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்படி நினைத்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. பயத்தோடு ஒரு போத்தலில் தேத்தண்ணீரை ஊற்றி அடைத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

பஞ்சலிங்கம் களங்கண்டியில் நின்றான். ஆழமில்லாத கடலில் தடிகளை வரிசையாக நட்டு, வலையை மறிப்பாகக் கட்டி, இறாலை வழிகாட்டிக் கடைசிக் கூட்டுக்குள் கொண்டுபோய் அடைக்கிற தொழில். கூட்டைத் தூக்கிப் பறிக்குள் கொட்டிவிட்டு அவன் கரைக்கு நடந்து வந்தான். முன்பெல்லாம் ஒரு மூச்சில் வருகிறவன் இப்போது இரண்டு இடத்தில் தடியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தான். இதையும் விரதக்களை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். உதடு வெளிறிக்கிடந்தது.

"என்ன இந்தப்பக்கம்?"

அவள் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். பறியைக் கீழே வைத்தான். மணலில் குந்தினான். 

"ஆர் சொன்னது?"

"ஆஸ்பத்திரியிலையிருந்து அலியார் எண்டொரு காக்கா வந்து போறார். உங்களுக்கு என்ன வருத்தம்? எனக்கு மறையாமல் சொல்லுங்கோ."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"அப்ப ஏன் எடுக்கேல்லை?"

"மிதந்தது."

"என்ன?"

"என்ரை ரத்தம் மிதந்தது, இரத்தினம்." அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "ஒரு குவளைக்கை நீலத் தண்ணி வைச்சிருக்கினம். விரலிலை குத்தி ஒரு துளி அதுக்கை விடுவினம். எனக்கு முன்னாலை நிண்டவங்கள் எல்லாரின்ரையும் கல்லுப்போலை அடிக்குத் தாண்டு போச்சு. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. என்னடா இது, எல்லாரும் தாழுறாங்களே எண்டு. என்ரை முறை வந்துது. துளி விழுந்து, கொஞ்சம் இறங்கி, பேந்து மேலை வந்து வடிவா மிதந்துது. நான் சிரிச்சனான்."

"சிரிச்சனீங்களோ?"

"ஓம். முருகா எண்டு வாய்விட்டுச் சொன்னனான். மிதக்கிறது நல்லதுதானே? தாழுறது ஆருக்கு நல்லது? எங்கடை அப்பு கடலிலை தாண்டுதானே போனவர். அந்தக் காக்கா என்னைப் பாத்து, 'அண்ணை, உங்களிட்டை எடுக்கேலாது' எண்டார். எனக்கு விளங்கேல்லை. தாண்டவன்ரை எல்லாம் எடுத்துப்போட்டு மிதந்தவனைப் போ எண்டால் என்ன ஞாயம்?"

இரத்தினம்மாவுக்கும் விளங்கவில்லைத்தான். கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அது எப்படி விளங்கும்? மிதப்புக்கட்டை மிதந்தால் வலை நிற்கும். தோணி மிதந்தால் ஆள் வீட்டுக்கு வருவான்.

"அவர் ஒண்டும் விளங்கப்படுத்தேல்லையோ?"

"ஏதோ சொன்னவர். ரத்தத்திலை பாரம் காணாது எண்டார். சத்து எண்டார். என்ரை காதிலை ஏறேல்லை. பின்னாலை நிண்ட சனம் எல்லாம் என்னையே பாத்தது போலை கிடந்தது. கடைசியா என்ன சொன்னவர் தெரியுமோ? 'மூண்டு மாதத்தாலை வாங்கோ' எண்டார். ஆஸ்பத்திரியிலை நிண்டு ஒருத்தனைத் திரும்பி வா எண்டு சொல்லுறது நல்ல வாக்கோ? செத்தவீட்டிலையும் ஆஸ்பத்திரியிலையும் போட்டு வாறன் எண்டு சொல்லப்படாது எண்டு எங்களுக்குப் பால்குடியிலை சொல்லித்தந்தது. நான் மறுமொழி சொல்லாமல் இறங்கி வந்திட்டன்."

"பிளாஸ்திரி?"

அவனுடைய முகம் கோணியது. அழப்போகிறான் என்று அவள் பயந்தாள்.

"வாசலிலை கிடந்த மரவாங்கிலை ஒரு ஆள் இருந்தது. குடுத்திட்டுச் சோடா குடிச்சுக்கொண்டு இருந்தது. பிலிப்பு எண்டு பேர் சொன்னது. எழும்பிப் போகேக்கை அந்தாளின்ரை கையிலை இருந்தது கழண்டு விழுந்திட்டுது. நான் கன நேரம் அதைப் பாத்துக்கொண்டு இருந்தன். வெறுங்கையோடை வந்து மலரின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது? எடுத்து ஒட்டினன்."

விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கதை ஊரில் ஆயிரம் உண்டு. ஆனால் மற்றவனுடைய மண்ணை எடுத்துத் தன் மீசையில் ஒட்டிக்கொண்டவனை இரத்தினம்மா அன்றுதான் கண்டாள். சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. மலர் கண்ணில் ஒற்றிய அந்தப் பொட்டு பிலிப்புவின் இரத்தம். மலருக்கு ஏறியதும் பிலிப்புவின் இரத்தம். அப்படியென்றால் மலர் ஒற்றியது சரியான இரத்தத்தைத்தானே? இதை எந்தப் பக்கத்தால் பிடித்து யோசிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"குளிசையை ஏன் எடுக்கேல்லை?"

"எடுத்தால் நீ என்னத்துக்கு எண்டு கேப்பாய். அதோடை, இது குளிசையாலை வாறதில்லை. முருகனுக்கு என்ரை விரதம் காணேல்லை. அதுதான் மிதக்கவிட்டவன். நான் இப்ப வெள்ளிக்கிழமையிலை அந்த ஒருநேரமும் விடுறன். உனக்குத் தெரியாது."

அப்போதுதான் இரத்தினம்மாவுக்குள் ஏதோ இடித்தது. அலியார் சொன்ன மீன், ஈரல், முருங்கையிலை. பாரம் காணாது என்ற சொல். தங்கச்சி பிழைக்க வேண்டுமென்று இந்த மனுசன் கட்டிய பட்டினிதான் தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டிய இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மிதந்ததற்கு விரதம் இருந்தால் இன்னும் மிதக்கும். இன்னும் மிதந்தால் இன்னும் விரதம் இருப்பான்.

"இஞ்சாருங்கோ, ரத்தம் தாழவேணும். தாண்டால்தான் எடுப்பினம். மீன் தின்னாமல் தாழாது."

"விசர்க்கதை கதைக்காதை. நேர்த்தியை முறிக்கச் சொல்லுறியோ? முறிச்சு மலருக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? அந்தக் காக்காவோ?"

 ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் நீலத் தண்ணீர். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அப்படி வராமல் நடுவில் ஒரு பெண்ணை நிறுத்திவைத்து வேடிக்கை பார்க்கிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தனியாக நல்லூருக்கு நடந்து போனாள். மழை. வீதியில் முழங்காலளவு வெள்ளம். பூசை முடியும்வரை ஒரு தூணோடு ஒதுங்கி நின்றாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டால் ஐயர் ஒன்று சொல்லுவார், அயலட்டை ஒன்று சொல்லும், இருக்கிற குழப்பம் போதும். திரை விலகியதும் மூலஸ்தானத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்காத குரலில் வழக்காடினாள்.

"அப்பனே, உனக்கு ஒரு ஆள் பட்டினி கிடக்கவேணும். அவ்வளவுதானே? அது அந்த ஆளாய்த்தான் இருக்கவேணும் எண்டு நீ சொன்னனியோ? சொல்லேல்லை. அந்த மனுசன்ரை நேர்த்தியை நான் ஏற்கிறன். இண்டையிலையிருந்து எனக்கு மச்சமில்லை. ஒருநேரச் சோறு. குறை ஏதும் இருந்தால் என்னைப் பிடி. மலரைத் தொடாதை."

முருகன் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கூழ் காய்ச்சினாள். ஒடியல் மாவைக் கரைத்து, இறாலும் நண்டும் சின்னக் கணவாயும் போட்டு, முருங்கையிலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்து, செத்தல் மிளகாயை அரைத்து விட்டு, புளியும் கரைத்தாள். வாசம் வேலியைத் தாண்டியது. பலாவிலையைக் கோலி, நிறைய வார்த்துப் புருஷனுக்கு முன்னால் நீட்டினாள்.

"நேர்த்தி இப்ப என்னட்டை. நல்லூரிலை பாரம் குடுத்திட்டன். இனி நீங்கள் தின்னாட்டித்தான் குற்றம்."

"அப்பிடி மாத்தலாமோ?"

"மாத்திப்போட்டன்."

அவன் இலையை வாங்கினான்.  நாலு மாதமாக இறாலைத் தொட்டுத் தொட்டு வாயில் வைக்காதவன். முதல் மிடறை விழுங்கியதும் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உறைப்பு என்றான். அவளும் நம்பினாள்.

சரியாக அந்த நேரத்தில் மலர் வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் வந்து நின்றாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தவள் தமையனுடைய கையிலிருந்த இலையைக் கண்டு அப்படியே விறைத்துப்போனாள்.

"அண்ணை! மச்சம் தின்னுறியளோ?"

அவன் இலையை மறைக்கப் பார்த்தான். கூழ் மடியில் ஊற்றியது.

"எனக்காகப் பிடிச்ச விரதமெல்லே அண்ணை. அப்ப எனக்கு இனிச் சுகம் வராது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிட்டுதோ? டொக்குத்தர் ஏதும் சொன்னவரோ? மச்சாள், மெய்யைச் சொல்லுங்கோ!"

மெய்யைச் சொல்வதென்றால் பிளாஸ்திரியிலிருந்து தொடங்க வேண்டும். இரத்தினம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவளும் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"விசரி, ஒரு விரதத்தை ஒரே ஆள் நாலு மாதத்துக்கு மேலை பிடிக்கக்கூடாதாம். பெண்சாதி மிச்சத்தைப் பிடிக்கவேணுமாம். நல்லூர் ஐயர் சொன்னவர்."

மலர் அதை நம்பினாளோ தெரியாது. ஆனால் அழுகையை நிறுத்திவிட்டு ஒரு இலை கூழ் கேட்டாள். அந்த வீட்டில் மூன்று பேர். ஒருத்தன் இரத்தம் கொடுத்ததாகப் பொய். ஒருத்தி ஐயர் சொன்னதாகப் பொய். மூன்றாவது ஆள் நம்பினதாகப் பொய். இப்படியே ஆறு கிழமை போனது. கறுப்புக் குளிசை தேசிக்காய்த் தண்ணீரோடு இறங்கியது. முதல் பொட்டலம் ஈரத்தில் பழுதாகியதால் இரத்தினம்மா பட்டணத்துக்குப் போய் அலியாரிடம் இரண்டாவது பொட்டலம் வாங்கிவந்தாள். கிழமைக்கு ஒருதரம் ஆட்டீரல். சுறா வறை. நண்டு. பஞ்சலிங்கம் களங்கண்டியிலிருந்து நிற்காமல் நடந்துவரத் தொடங்கினான். இரத்தினம்மாவுக்கு அடுப்படியில் எழும்பும்போது கண் இருட்டியது. அடுப்புப் புகையாக்கும் என்று இருந்துவிட்டாள்.

தை மாதக் கடைசிப் புதன்கிழமை புருஷனும் பெண்சாதியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மலரை முதல்நாளே வார்ட்டில் விட்டிருந்தார்கள். வியாழக்கிழமை ஒப்பிறேசன். பிலிப்பு காலையிலேயே வந்து தன் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனதாக அலியார் சொன்னார்.

மேசையில் அந்தக் குவளை இருந்தது. பஞ்சலிங்கம் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அலியார் அவனுடைய விரலைப் பிடித்துத் துடைத்துக் குத்தினார். இரத்தினம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். துளி விழுந்தது. நீலத்தின் மேல் ஒரு கணம் தயங்கியது.  முருகா, தாழட்டும். தாழட்டும். வாழ்நாள் முழுக்கக் கரையில் நின்று தாழக்கூடாது தாழக்கூடாது என்று கும்பிட்டவள் அவள்.

துளி நேரே கீழே போய் அடியில் தங்கியது.

"தாண்டிட்டுது!" என்று கத்திவிட்டாள். வாங்கிலிருந்தவர்கள் எல்லாரும் எழும்பிப் பார்த்தார்கள். கடற்காரன் பெண்சாதி ஒருத்தி தாண்டது என்று சொல்லிச் சிரித்ததை அவர்கள் அதற்கு முன்னும் கண்டிருக்கமாட்டார்கள், பின்னும் கண்டிருக்கமாட்டார்கள்.

கட்டிலில் படுத்திருந்து, போத்தல் நிறைவதை அவன் சின்னப் பிள்ளைபோலத் தலையைத் திருப்பிப் பார்த்தான். முடிந்ததும் கையில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். அதோடு நேரே வார்ட்டுக்குப் போனான்.

மலர் அதைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். "திரும்பவுமோ அண்ணை? எனக்காக ரெண்டாந்தரமோ?"

"இல்லைப் பிள்ளை," என்றான் பஞ்சலிங்கம். "இதுதான் முதல்தரம்."

"அப்ப அண்டைக்கு?"

"அது பிலிப்பு எண்ட ஆளின்ரை பிளாஸ்திரி. கீழை கிடந்தது. எடுத்து ஒட்டினனான். என்ரை ரத்தத்தை அண்டைக்கு எடுக்கேல்லை."

மலர் தமையனையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபித்தாளா, அழுதாளா என்று இரத்தினம்மாவால் சொல்லமுடியவில்லை. இரண்டுமாக இருக்கவேண்டும். பிறகு, அன்றைக்குச் செய்ததைப் போலவே அவனுடைய கையை இழுத்துப் பிளாஸ்திரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பப்பாசிப் பழம் எல்லாம் கடனாய்த் திண்டிருக்கிறியள்" என்றாள்.

ஒப்பிறேசன் நல்லபடி முடிந்தது. இரண்டு போத்தலும் வேண்டியிருந்ததாம். எந்த நேர்த்தி பலித்தது, எது முறிந்தது, குளிசையா, கூழா, முருகனா, பிலிப்புவா என்று இரத்தினம்மா எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. யோசிக்கும்போது தலை சுற்றுவதுதான் மிச்சம்.

பத்தாம் நாள் மலரை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தார்கள். வாடகைக் கார் வாசலில் நின்றது. மலரைப் பின்சீற்றில் இருத்திவிட்டு இரத்தினம்மா ஒரு நிமிஷம் என்று சொல்லி அலியாரிடம் போனாள்.

"காக்கா, ஆரோ ஒரு பிலிப்பு எங்களுக்குக் குடுத்தான். நானும் ஒரு போத்தல் குடுக்கப்போறன். எடுங்கோ."

"உங்கடை வகை என்னவோ தெரியாதே தங்கச்சி."

"என்ன வகையெண்டாலும் ஆருக்கும் உதவும்தானே. குத்துங்கோ."

அலியார் குத்தினார். துளி நீலத்துக்குள் விழுந்தது. கொஞ்சம் இறங்கியது. பிறகு, அவசரமே இல்லாமல், மேலே வந்து மிதந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன தங்கச்சி, நீங்கள் சாப்பிடுறேல்லையோ?"

"அவரின்ரை நேர்த்தி என்னட்டை எல்லோ கிடந்தது" என்றாள் இரத்தினம்மா. அலியாருக்கு அது விளங்கவில்லை. விளங்கப்படுத்த அவளுக்கும் நேரமில்லை. கார்க்காரன் வெளியில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

அலியார் கறுப்புக் குளிசைப் பொட்டலத்தைக் கட்டினார். கொப்பியை விரித்து அவளுடைய பெயரை எழுதினார். ஒரு துண்டில் திகதியைப் போட்டு நீட்டினார். வழக்கமாகச் சொல்கிற சொல் அவருடைய வாய்வரை வந்து நின்றுவிட்டது. மார்கழியில் குளிசை வாங்க வந்தபோது, பஞ்சலிங்கம் ஏன் மறுமொழி சொல்லாமல் போனான் என்பதை அவள் அவருக்குச் சொல்லியிருந்தாள். அதனால் "வாங்கோ" என்று சொல்லாமல் துண்டை மட்டும் கொடுத்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

இரத்தினம்மா துண்டை மடித்துச் சேலைத்தலைப்பில் முடிந்தாள். வாசற்படியில் இறங்கியவள் நின்று திரும்பினாள். வாங்கு நிறையச் சனம். காருக்குள் மலர். காரைப் பிடித்துக்கொண்டு பஞ்சலிங்கம்.

"அப்ப காக்கா," என்றாள் எல்லாருக்கும் கேட்க, "நான் போட்டு வாறன்."

"ஐயோ மச்சாள்!" மலர் கார்க் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். "ஆஸ்பத்திரியிலை நிண்டுகொண்டு உப்பிடிச் சொல்லலாமோ?"

"சொல்லிப்போட்டன்" என்றாள் இரத்தினம்மா, காருக்குள் ஏறிக்கொண்டு. "இனி வரத்தானே வேணும். இஞ்சாருங்கோ, போற வழியிலை சந்தையிலை நிப்பாட்டுங்கோ. எனக்கு மீன் வேணும்."